கீழ்வீட்டுச் செம்பில் கேஷியர்

அத்தியாயம் ஒன்பது

வேம்பார் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் வேலை கிடைத்த ஜீவமணியைப் பார்த்து, "போகப்படாது" என்று மாமனார் ஜேசுபாதம் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னதும், அதற்குப் புருஷன் எஸ்றா, "ரசத்துல உப்பு கொஞ்சம் கூட" என்று பதில் சொன்னதும் போன வாரத்தோடு போயிற்று. ஜீவமணிக்குத்தான் போகவில்லை. அந்த ரசம் இன்னும் தொண்டையில் நிற்க, அதோடுதான் அவளுக்கு விடிந்தது.

விடிந்த நாளும் லேசுப்பட்டதில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வேம்பாரில் போய் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அந்த அடுத்த ஆள் சாத்தான்குளத்தில் பெட்டி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல்.

போதாக்குறைக்கு இன்று தண்ணீர் வரும் நாள்.

தூத்துக்குடியில் முனிசிபாலிட்டித் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள்தான். காலையில் குழாய் இருமும். செருமும். கொஞ்ச நேரம் வெறும் காற்றை விடும். அப்புறம் மனசு வந்தால் ஊற்றும். மற்ற வீடுகளில் அந்த நேரத்தில் ஓடிப்போய்க் குடத்தை வைப்பார்கள். ஜேசுபாதத்தின் வீட்டில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவார்கள். குடத்தின் முறை அதற்குப் பிறகு.

ஜேசுபாதம் ஒரு கப்பல் ஏஜென்சிக் கம்பெனியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். மானேஜர் ஆகியிருக்க வேண்டியவர். இதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார், கம்பெனியின் காதில்தான் விழவில்லை. ரிட்டயர் ஆன அன்று கழுத்தில் மாலை போட்டு, கையில் ஒரு கண்ணாடி மீன் தொட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மீன்கள் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து ரயிலில் வந்தன.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பெயர் வைத்தது. வயிறு பெருத்து, சும்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் தங்க மீன், மானேஜர். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சுற்றும் கறுப்பு மீன், ஹெட் கிளார்க். மூலையில் ஒதுங்கி எதையோ எண்ணிக்கொண்டிருப்பது போல் நிற்கும், சுண்டுவிரல் நகத்தளவுக் கப்பி மீன், கேஷியர். இத்தனை வருஷம் சொல்ல வாய் வராததையெல்லாம் அவர் தினமும் காலையில் தீனி போடும்போது கண்ணாடியைத் தட்டிச் சொல்லுவார்.

"என்ன மானேஜர், லீவு கேட்டா மூஞ்சியத் தூக்குவீரே. இப்ப யாரு கையில ஓய் இருக்கு தீனி?"

மானேஜர் வாயைத் திறந்து மூடுவார். கம்பெனியிலும் அவர் அதற்கு மேல் செய்ததில்லை என்பார் ஜேசுபாதம்.

ஜீவமணிக்கு மீன்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவள் கோபமெல்லாம் அந்தப் பச்சை ரப்பர் ஓஸ் மேல்தான்.

தொட்டி நடுக்கூடத்தில் உயரமான இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்தது. அங்கிருந்து சமையலறை சிங்க் வரைக்கும் ஓஸ் எட்டும். முதலில் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் வாய்க்கு வந்ததும் சட்டென்று எடுத்துச் சிங்கில் விட்டுவிட வேண்டும். சட்டென்று என்பதெல்லாம் சயன்ஸ் புத்தகத்தில். நேரில் ஒரு வாய் உள்ளே போகாமல் தண்ணீர் இறங்கியதே இல்லை.

கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் சங்கரலிங்கம் சுத்த சைவம். மாடியை வாடகைக்கு விடும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை, வீட்டில் மீன் கூடாது. கடலை மோந்து பார்க்கும் தூரத்தில் இருந்துகொண்டு, மாடிக் குடும்பம் மீன் குழம்பைக் கனவில் கண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். படியேறுமுன் மூன்று பேரும் அவரவர் கையை மோந்து பார்த்துக்கொள்வார்கள்.

தொட்டி வந்து இறங்கிய அன்று சங்கரலிங்கம் படியில் குறுக்கே நின்றார்.

"என்னவே இது?"

"சமைக்க மாட்டோம்னுதான அண்ணாச்சி சொன்னேன். வளக்க மாட்டோம்னு சொல்லலையே."

சங்கரலிங்கம் யோசித்தார். நிபந்தனையில் ஓட்டை இருந்தது அவருக்கே தெரிந்தது. "செத்தா அந்த நிமிசமே வெளிய போயிரணும்" என்று சொல்லி வழி விட்டார்.

ஆக, மீன் கூடாத அந்த வீட்டில் ஜீவமணிக்கு மீன் ருசி தெரிவது ஓஸை உறிஞ்சும்போது மட்டும்தான்.

இன்றும் உறிஞ்சினாள். ஒரு வாய் உள்ளே போயிற்று. மிச்சத்தைச் சிங்கில் துப்பினாள். பாதித் தொட்டி வடிந்ததும், சிங்கில் கிடந்த முனையைக் குழாயின் மூக்கில் மாட்டி, சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டினாள். இனிக் குழாயைத் திறந்தால் அதே ஓஸ் வழியாகப் புதுத் தண்ணீர் தொட்டிக்குப் போகும். தண்ணீர் மேலேயிருந்து விழுந்தால் மீன் அதிர்ச்சியாகிவிடும் என்பதால், ஓஸின் முனை தொட்டியின் அடியில், கூழாங்கற்களுக்கு நடுவே கிடக்க வேண்டும். மாமனாரின் உத்தரவு.

"மெல்லத் தொற. மானேஜர் மெரளுதாரு" என்றார் ஜேசுபாதம், நாற்காலியில் இருந்தபடி.

"ஒன்பது மணிக்குப் பஸ்ஸு, மாமா. பெட்டி எடுத்து வச்சிட்டேன்."

"என்ன பஸ்ஸு?"

"வேம்பார் பஸ்ஸு."

"அதான் சொல்லியாச்சுல்லா. நீ வேம்பார்ல போய் உக்காந்துகிட்டா இதுக்கு யாரு தண்ணி மாத்துவா? எஸ்றாவா? அவன் ஓஸ உறிஞ்சினா தண்ணி வராது, அவனுக்குத்தான் வாந்தி வரும்."

எஸ்றா வாசல் கண்ணாடி முன்னால் நின்று முகச் சவரம் செய்துகொண்டிருந்தான். முகத்தில் சோப்பு நுரை இருக்கும்போது பேச முடியாது என்பது அவன் கலியாணத்துக்குப் பிறகு கண்டுபிடித்த வசதி. நுரையை இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டான்.

"அப்ப மீனுக்குத் தண்ணி மாத்தத்தான் நான் பி.எஸ்ஸி., பி.எட். படிச்சனா மாமா?"

"படிச்ச புள்ளைன்னுதான ஓஸ உன் கையில குடுத்திருக்கேன். படிக்காதவ கையில குடுப்பனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த டிரெய்னிங் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. ஜீவமணி சைக்கிள் டியூப் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். கட்டு என்றுமில்லாத இறுக்கமாக விழுந்தது.

"இன்னொண்ணும் சொல்லுதேன், கேட்டுக்க" என்றார் ஜேசுபாதம். "வேம்பார் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட் இருக்கானே பவுல், அவனும் நானும் நாசரேத்துல ஒரே பெஞ்சு. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அங்கன நீ கையெழுத்துப் போடப் பேனா கெடைக்காது."

ஜீவமணி குழாயைத் திறந்தாள். ஓஸ் உடம்பை முறுக்கிக்கொண்டு தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோயிற்று.

"ஜெபத்துக்கு வாங்க" என்றார் அவர்.

"தண்ணி பாதிகூட ஏறல மாமா. குடமும் வைக்கணும்."

"தண்ணி அது பாட்டுக்கு ஏறும். அதுக்காக ஆண்டவரக் காக்க வைக்கவா?"

தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வீரியம் போக, போட்டோ ஸ்டூடியோவில் ஹைப்போ வாங்கி வைத்திருந்தார் ஜேசுபாதம். மருமகளின் வீரியம் போக அவரிடம் குடும்ப ஜெபம் இருந்தது. அந்த வீட்டில் முழங்காலிட்டவர்கள் ஆமென் சொல்லுமுன் எழுந்திருக்கக் கூடாது. ஒருதடவை ஜெபத்துக்கு நடுவே பால் பொங்கி அடுப்பே அணைந்தது. ஒருவரும் அசையவில்லை. ஆமென் சொன்ன பிறகுதான் யார் பாலை வைத்தது என்று சண்டை போட்டார்கள்.

மூன்று பேரும் முழங்காலிட்டார்கள். எஸ்றாவுக்கு ஒரு கன்னம்தான் சிரைத்திருந்தது. மறு கன்னத்தில் நுரை.

"எங்கள் பரம பிதாவே" என்று தொடங்கினார் ஜேசுபாதம். வழக்கமாக வீடு, உறவு, ஊர், சபை, சுகவீனமானவர்கள் என்று ஒரு சுற்று வந்து முடித்துவிடுவார். இன்று வீட்டை விட்டே நகரவில்லை.

"இந்தக் குடும்பத்தில் அடங்காத இருதயம் ஒன்று இருப்பதை நீர் அறிவீர். அது பெட்டி கட்டி வைத்திருப்பதையும் அறிவீர். பெரியோர் சொல்லைத் தட்டி நடக்கிறவர்களுக்குப் பஸ் கிடைக்காதபடி நீரே கிருபை செய்யும்."

ஜீவமணிக்குக் காது மடல் சுட்டது. நேருக்கு நேர் சொன்னால் பதில் சொல்லலாம். ஆண்டவர் வழியாகச் சொன்னால் என்ன செய்வது? மூன்றாம் மனுஷரிடம் கோள் சொல்லுகிற மாதிரி, அவளை முழங்காலில் உட்கார்த்தி வைத்து, கண்ணையும் மூடச் சொல்லிவிட்டு.

அப்போது சமையலறையில் குழாய் இருமியது. ஒரு செருமல். பிறகு சத்தமே இல்லை.

தண்ணீர் நின்றுவிட்டது. குழாய் திறந்து கிடக்கிறது. ஓஸின் முனை தொட்டியின் அடியில் கிடக்கிறது. ஜீவமணி கண்ணைத் திறந்து ஒரு முழங்காலைத் தூக்கினாள்.

"உம்முடைய சமுகத்தில் தரித்திருக்க மாட்டாமல் எழும்புகிற முழங்கால்களையும் நீர் அறிவீர் ஆண்டவரே."

எஸ்றா கண்ணைத் திறக்காமலே அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். அவன் விரலில் இருந்த சோப்பு நுரை அதில் ஒட்டிக்கொண்டது. ஜீவமணி முழங்காலைக் கீழே வைத்தாள்.

ஜெபம் கரையோரத்துக்கு நகர்ந்து, வேம்பாரை அடைந்து, அங்கே தனியாகத் தங்கும் பெண்பிள்ளைகளுக்கு நேரக்கூடிய ஆபத்துகளை ஒவ்வொன்றாக ஆண்டவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். மேலே ஓஸ் ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. சிங்க் பக்கமிருந்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இதுவரை அவள் உறிஞ்சினாள். இப்போது வீடே உறிஞ்சுகிறது.

சயன்ஸ் டீச்சருக்கு அது என்னவென்று தெரியாதா? மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே பைப்பு. மேலே குழாய் திறந்திருக்கிறது, கீழேயும் குழாய் திறந்திருக்கிறது, முனிசிபாலிட்டி கையை விரித்துவிட்டது. தொட்டியில் இருப்பதெல்லாம் வந்த வழியே திரும்பி, வீட்டுக்காரரின் சமையலறைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"மாமா" என்றாள்.

"நாவையும் கட்டும் ஆண்டவரே" என்றார் ஜேசுபாதம்.

எழுந்து ஓடியிருக்கலாம். இரண்டு எட்டு வைத்தால் குழாய். ஜீவமணி எழுந்திருக்கவில்லை. கோபம் அவளைத் தோளில் கைவைத்து அழுத்திப் பிடித்திருந்தது. கட்டச் சொன்னீயளா, இந்தா கட்டிட்டேன் என்று கண்ணை மூடினாள். பல்லையும் சேர்த்து மூடினாள்.

ஜெபம் எந்த ஊரில் போய் முடிந்திருக்குமோ தெரியாது. மாடிப்படியில் ஒரு குரல் ஏறி வந்தது.

"வே ஜேசுபாதம்."

"ஆமென்" என்றார் ஜேசுபாதம், ஒரே மூச்சில்.

முதலில் அவர் கண்ணில் பட்டது தொட்டிதான். அடியில் கூழாங்கல் மூழ்குகிற அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. மானேஜர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, அப்போதும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஹெட் கிளார்க் விசுவாசமாக அவர் பக்கத்திலேயே படுத்திருந்தார். ஓஸ் கடைசி மிடறை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஜேசுபாதம் சமையலறைக்குப் பாய்ந்து, குழாயை மூடாமல், குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டியில் கவிழ்த்தார். முந்தாநாள் பிடித்த தண்ணீரில் குடிப்பதற்கு மிச்சமிருந்த ஒரே குடம் அது. மானேஜர் நிமிர்ந்தார். அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் வாடைகூட இல்லை.

குழாயை ஜீவமணிதான் மூடினாள்.

வாசலில் சங்கரலிங்கம் நின்றார். குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு, நெற்றி நிறைய விபூதியோடு, கையை நீட்ட முடிந்த மட்டும் நீட்டி ஒரு பித்தளைச் செம்பைப் பிடித்திருந்தார்.

"இது என்னதுன்னு பாரும்."

ஜேசுபாதம் எட்டிப் பார்த்தார். செம்பின் மூலையில், மூலை இல்லாத இடத்திலும் ஒரு மூலையைத் தேடிப் பிடித்து, கப்பி மீன் நின்றது.

"கேஷியரு" என்றார் ஜேசுபாதம். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"கேஷியரா? என் பிள்ளையாருக்கு அபிஷேகம் பண்ணப் பிடிச்ச தண்ணியில மீன் நீந்துது. நீரு உத்தியோகம் சொல்லுதீரு."

பின்னாலேயே அவர் மனைவி அருணாசலவடிவு படியேறி வந்தாள். கையில் சாம்பலும் நாரும்.

"அபிஷேகத்த மட்டும் சொல்லுதீய. காப்பியச் சொல்லலையே."

"நீ சும்மா இருளா."

"தண்ணி நின்ன பொறவும் நம்ம குழாயில மட்டும் வருதேன்னு நாந்தான் தொறந்தேன், ஜீவமணி. அந்தத் தண்ணியிலதான் காப்பி போட்டேன். 'இன்னைக்குத்தான்ளா காப்பி காப்பியா இருக்கு'ன்னு ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சாவ. இப்ப வந்து தீட்டுங்காவ. ஏனம் பூரா நான்லா தேய்க்கணும்."

சங்கரலிங்கத்துக்கு இப்போது யார் மேல் கோபப்படுவது என்று ஒரு சின்னக் குழப்பம் வந்தது. மீன் மேலும் மனைவி மேலும் சரிசமமாக வந்த கோபத்தை ஒன்றாகத் திரட்டி, ஜேசுபாதத்தின் மேல் இறக்கினார்.

"மீன் கூடாதுன்னு சொல்லித்தான் வீடு குடுத்தேன். சமைக்க மாட்டோம், வளப்போம்னு வக்கீல் கணக்காப் பேசினீரு. இப்ப எனக்கே குடிக்கக் குடுத்துட்டீரு. உச்சி சாயுறதுக்குள்ள இந்த வீட்டுல மீன் இருக்கப்படாது. இருந்தா நீங்க இருக்கப்படாது. இதுலயும் ஓட்ட இருந்தா இப்பமே சொல்லிரும்."

ஜேசுபாதம் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை. திரும்பி ஜீவமணியைக் காட்டினார்.

"எல்லாம் இவதான் அண்ணாச்சி. ஓஸப் போட்டுட்டு அப்படியே விட்டுட்டா. வேம்பாருக்கு விடலைங்கிற வஞ்சம். வேணும்னே செஞ்சிருக்கா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எஸ்றா மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"ஜீவா, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு. முடிஞ்சுபோகும்."

ஜீவமணி அவனைப் பார்த்தாள். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. மறு கன்னத்தில் நுரை காய்ந்து செதிலாக நின்றது.

"எது முடிஞ்சுபோகும்?"

அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு ரசத்தச் சொன்னீய. இன்னைக்கு மன்னிப்பச் சொல்லுதீய. இடையில ஒண்ணு கெடக்கே, என் வேலை, அதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டு அந்த மிச்ச முகத்தச் சிரையுங்க."

பிறகு மாமனாரிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தண்ணி நின்னது எனக்குக் கேட்டுச்சு மாமா. எந்திரிச்சேன். என் முழங்காலப் பத்தி ஜெபம் பண்ணுனீய. 'மாமா'ன்னு கூப்பிட்டேன். நாவக் கட்டச் சொன்னீய. வேணும்னு நான் குழாயத் தொறந்து போடல. மூடப் போனேன். நீங்கதான் ஆமென் சொல்லல."

சங்கரலிங்கம் செம்பைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"அப்படி என்னவே அம்புட்டு நீளமா ஜெபம்?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

ஜேசுபாதம் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் வாயைத் திறந்து மூடினார்.

ஜீவமணி சமையலறைக்குப் போய் மூடி போட்ட அலுமினியத் தூக்குவாளியை எடுத்து வந்தாள். தொட்டித் தண்ணீரை அதில் மொண்டு ஊற்றினாள். காப்பி வடிகட்டியால் ஹெட் கிளார்க்கை அள்ளிப் போட்டாள். மானேஜர் வடிகட்டிக்குள் அடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் போட்டாள்.

"என்னளா செய்யுத?" என்றார் ஜேசுபாதம்.

"மீன் இங்க இருக்கப்படாதுன்னு வீட்டுக்கார அண்ணாச்சி சொல்லுதாவ. மீனுக்குத் தண்ணி மாத்த ஆளில்லாம நான் போகப்படாதுன்னு நீங்க சொல்லுதீய. மீன நான் கொண்டுபோறேன். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சுல்லா."

சங்கரலிங்கம் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். "நியாயமாத்தான் படுது" என்றார்.

"வேம்பாருக்கா?" ஜேசுபாதத்தின் குரல் முதல்தடவையாக உடைந்தது. "அங்கன கெணத்துத் தண்ணி பூரா உப்புல்லா. வாயில வைக்க முடியாதே. மானேஜர் ஒருநாள் தாங்குவாரா?"

ஜீவமணியின் கை தூக்குவாளியின் காதில் நின்றது.

"அங்க தண்ணி உப்புன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாம என்ன? ஊருக்கே தெரியும்."

"அந்தத் தண்ணியத்தான் நான் குடிக்கப் போறேன். ஒரு வாரமா இந்த வீட்டுல இதே பேச்சுதான். மீனு என்ன ஆகும், தொட்டி என்ன ஆகும். அந்தத் தண்ணிய நீ எப்படிளா குடிப்பேன்னு ஒருத்தர் கேக்கல."

எஸ்றா தன் காய்ந்த கன்னத்தைத் தடவினான். அருணாசலவடிவு புருஷன் கையிலிருந்த செம்பை வாங்கி ஜீவமணியிடம் நீட்டினாள்.

"கேஷியரையும் கொண்டுபோ. செம்பும் வேண்டாம். நீயே வச்சுக்க. இனி அதுல தண்ணி மொள்ள எனக்கு மனசு வராது."

அன்றைக்கு அந்த வீட்டில் எழுந்த கோபங்களிலேயே ஜீவமணிக்கு ஒரு பொருள் கையில் வந்து சேர்ந்த கோபம் அது ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எஸ்றா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மிச்ச முகத்தைச் சிரைக்க நேரமில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அவனை ஒரு பக்கம் பார்த்துவிட்டு, உறுதிப்படுத்திக்கொள்ள மறுபக்கமும் பார்த்தார்கள்.

பெட்டியைப் பஸ்ஸுக்குள் வைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றான்.

"அப்பாகிட்ட நான் சொல்லுதேன், ஜீவா."

"எத?"

அவன் யோசித்தான். "யோசிச்சுச் சொல்லுதேன்."

"யோசிங்க."

"ஞாயித்துக்கெழமை வாரேன்."

"முழு முகத்தோட வாங்க" என்றாள் ஜீவமணி. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வந்திருந்தால் கோபம் வீணாய்ப் போயிருக்கும். மடியிலிருந்த தூக்குவாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மூச்சு முட்டாமல் இருக்க மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்திருந்தாள். செம்பு காலடியில் இருந்தது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"தூக்குல என்னம்மா?"

"மீன்."

"எங்க போறீய?"

"வேம்பார்."

கண்டக்டர் அவளையும் தூக்குவாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "மீன் பிடிக்கிற வேம்பாருக்கே இங்கயிருந்து மீன் கொண்டுபோற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டைக் கிழித்தபடி அடுத்த சீட்டுக்குப் போனார்.

டிரைவர் ஏறினார். எஞ்சின் உறுமியது. அந்த நேரத்தில் பின்வாசல் வழியாக ஒரு ஆள் மூச்சு வாங்க ஏறினார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வெளியே வரும் கறுப்புக் கோட்டு. இடது கையில் மீன் தீனி டப்பா. தோளில் வளையம் வளையமாகச் சுற்றிப் போட்ட பச்சை ரப்பர் ஓஸ். சைக்கிள் டியூப் துண்டு இன்னும் அதன் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே எஸ்றா, "அப்பா" என்றான். அவர் திரும்பவில்லை. நேராக வந்து, நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஜீவமணிக்கு இணையான சீட்டில் உட்கார்ந்தார். தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"காலைத் தீனி போடல" என்றார், மீனிடம். மூடி இடுக்கு வழியாக ஒரு சிட்டிகை போட்டார்.

"எங்க மாமா வாரீய?" என்று கேட்டாள் ஜீவமணி.

ஜேசுபாதம் டப்பாவை மூடினார். கோட்டுப் பொத்தானைச் சரி செய்தார்.

"பவுலப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஜீவமணி தூக்குவாளியை மடியோடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரே பெஞ்சு. ஒரு வார்த்தை. பேனா கிடைக்காது. மீனை விட்டுப் பிரிய முடியாமல் வருகிறாரா, கையெழுத்தைத் தடுக்க வருகிறாரா? கேட்டால் சொல்ல மாட்டார். ஒருவேளை அவருக்கே இன்னும் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கும்போது அவளுக்கு முன்னால் அவர் கால்தான் படியில் இருக்கும்.

"பிரயாண ஜெபம்" என்று சொல்லிவிட்டு ஜேசுபாதம் கண்ணை மூடினார். "எங்கள் பரம பிதாவே..."

ஜீவமணி கண்ணை மூடவில்லை. அந்த வீட்டுக்கு வந்த பிறகு, அவர் ஜெபம் பண்ணும்போது அவர் முகத்தை இப்படி முழுசாக அவள் பார்த்ததே இல்லை. கண்ணை மூடியிருக்கும்போது அவர் யாரையோ பார்த்துப் பயப்படுகிற ஆள் மாதிரி இருந்தார்.

கண்டக்டர் விசிலை ஊதினார். ஜேசுபாதம் ஆமென் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

குலுக்கலில் ஓஸ் அவர் தோளிலிருந்து சரிந்து, ஒரு முனை நடைபாதையில் ஊர்ந்து ஜீவமணியின் காலடிக்கு வந்து நின்றது. அவள் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை. செருப்புக் காலைத் தூக்கி அதன் மேல் வைத்து, அழுத்தி மிதித்துக்கொண்டாள்.